கோடு போட்டவரும் கல் சுமந்தவரும்

திருவில்லிபுத்தூர்க் கோபுரத்தை அறியாத தமிழர் இல்லை. அந்த ஊர் மண்ணை மிதிக்காதவரும் கண்டிருப்பர். அரசாங்கக் கடிதத்தின் தலையிலே கண்டிருப்பர். 11 நிலை, 192 அடி, அண்ணாந்து பார்ப்பவரின் தலைத்துண்டு நழுவி விழும் உயரம். 1949-இல் சென்னை மாகாண அரசுக்குத் தனி முத்திரை ஒன்று தேவைப்பட்டபோது, ஆட்சித் தலைமையில் இருந்தவர் பி. எஸ். குமாரசாமி ராசா. அவர் ஊர் இராசபாளையம். கோபுரத்திலிருந்து ஏறத்தாழ 12 கிலோமீட்டர். ஓவியர் ஆர். கிருஷ்ணராவ் தூரிகை எடுத்தார். கோபுரம் முத்திரையில் ஏறிற்று. அது வில்லிபுத்தூர்க் கோபுரமே என்கிறது ஊர். இல்லை, மதுரை மேலைக் கோபுரத்தைப் பார்த்து வரைந்தது என்கிறது மற்றொரு வாதம். அந்த வழக்கிலே தீர்ப்புக் கூற நாம் வரவில்லை. நாம் கேட்பது வேறு.

முத்திரையை ஏற்ற ஆட்சியாளர் பெயர் தெரிகிறது. அதை வரைந்த ஓவியர் பெயர் தெரிகிறது. கோபுரத்தைக் கட்டியவர் யார் என்றால் மட்டும் விடை வேறு திக்கில் ஓடுகிறது. பாண்டியன் அவையிலே வாதில் வென்று பெரியாழ்வார் பெற்ற பொற்கிழியால் எழுந்த கோயில் என்று தலபுராணம் பேசும். கொடுத்தவன் மன்னன், பெற்றவர் ஆழ்வார்! ஆனால் கோபுரம் பொன்னால் நிற்கவில்லையே! இவ்வகைக் கோபுரங்கள் கீழே கருங்கல்லாலும், மேலே செங்கல்லாலும் சுண்ணாம்புச் சுதையாலும் நிற்பவை. நிலைக்கு நிலை எவ்வளவு குறுக வேண்டும், சுவர் எவ்வளவு தடிக்க வேண்டும், எத்தனை ஆள் உயரம் ஏறியபின் சாரத்தை மாற்றிக் கட்ட வேண்டும் என்று கணக்கிட்டவன் ஒருவன் இருந்திருக்க வேண்டும். அந்தக் கணக்கைக் கல்லிலும் சுண்ணாம்பிலும் கொண்டுவந்த கைகள் ஆயிரம் இருந்திருக்க வேண்டும். அவர்கள் எங்கே?

பெருமைக்காக இதைக் கேட்கவில்லை. புகழுக்கு உரியவன் மறைந்தால், அது நன்றி கெட்ட செயல், அதோடு போயிற்று. பொறுப்புக்கு உரியவன் மறைந்தால் உயிர் போகிறது. இன்று இராசபாளையத்திலோ வில்லிபுத்தூரிலோ ஒரு வீடு எழுகிறது என்று வைத்துக்கொள்வோம். குடிபுகுந்த இரண்டாம் மழையிலே தளம் கசிகிறது. சுவரிலே விரல் நுழையும் விரிசல். வீட்டுக்காரர் கட்டடக் கலைஞரிடம் ஓடுகிறார். "நான் வரைந்து கொடுத்தேன், கட்டியவரைக் கேளுங்கள்" என்கிறார் அவர். ஒப்பந்தக்காரரோ, "வரைபடத்தில் உள்ளபடி கட்டினேன்" என்கிறார். எஞ்சினியர், "நான் சொன்ன கம்பியைப் போட்டார்களா என்று எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்கிறார். கடைசியில் பழி கொத்தனார் தலையில் இறங்கும். அல்லது அந்த வீட்டின் வாசல் பார்க்கும் திசையின் தலையில் இறங்கும்! வரைகிறவரின் பொறுப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? இந்தக் கேள்விக்கு நம் நாட்டில் நீண்ட வரலாறு உண்டு. அதைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

பழந்தமிழகத்திலே தொடங்குவோம். நெடுநல்வாடையில் அரண்மனை கட்டும் காட்சி வருகிறது. கோல் நட்டு, அதன் நிழல் பார்த்துத் திசை குறித்து, நூல் அறிந்தவர்கள் கயிறு பிடித்து மனை வகுத்ததாகப் புலவர் பாடுகிறார். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று: நூலைக் கற்றவனே நூலைப் பிடிக்கிறான்! ஏட்டிலே கற்றதும் தரையிலே அளந்ததும் ஒரே ஆள், ஒரே இடம், ஒரே வெயில்.

பின்னாளில் எழுந்த மயமதம் என்னும் கட்டடநூல், தொழிலை நான்கு பேருக்குப் பகிர்ந்து தருகிறது. தலைமை ஏற்று நடத்துபவன் தபதி. நூல் பிடித்து அளவு காட்டுபவன் சூத்திரகிராகி. கல்லையும் மரத்தையும் அளவுக்கு அறுத்துச் செதுக்குபவன் தட்சகன். செதுக்கியவற்றைச் சேர்த்துக் கட்டி எழுப்புபவன் வர்த்தகி. அந்த நூல் வடமொழியில் இருக்கிறது. அதிலே சோதிடமும் சடங்கும் மலிந்து கிடக்கின்றன. அவற்றை நாம் ஏற்பதற்கில்லை. ஆயினும் அந்தப் பங்கீட்டிலே அறிவு இருக்கிறது. நால்வருக்கும் வேலை வேறு, களம் ஒன்று. தபதி ஓலையை அனுப்பிவிட்டு வேறு ஊரில் இருப்பவன் அல்லன். கல் பிளக்கும் ஓசை அவன் காதில் விழும்; கோணல் அவன் கண்ணில் படும்.

அப்படிப்பட்டவனுக்கு ஒரு முறையேனும் பெயர் கிடைத்தது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டிலே, வீரசோழன் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன் என்று ஒருவன் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. 1010-இல் முடிசூடிய அந்த விமானம் 200 அடியைத் தாண்டி நிற்கிறது. அங்கேயும் பாருங்கள், அரசன் பெயரைத் தன் பெயரோடு சேர்த்துச் சுமந்த பிறகே தச்சனுக்குக் கல்லிலே இடம்! இருப்பினும் ஓர் இடம். 1000 ஆண்டு கழித்து நாம் அவன் பெயரைச் சொல்ல முடிகிறது. வில்லிபுத்தூரில் அதுவும் இல்லை.

பழைய முறை முழுதும் பொற்காலம் என்று நாம் மயங்க வேண்டாம். தபதியின் வேலைக்கு அன்றும் ஓர் எல்லை இருந்தது. அறிவு வகுத்த எல்லை அன்று, சாதி வகுத்த எல்லை! சிலையைச் செதுக்கியவன் அவன். உளி பிடித்துக் கண் திறந்தவன் அவன். குடமுழுக்கு முடிந்த மறுகணம் கருவறை வாசலுக்கு வெளியே நிற்க வேண்டியவனும் அவனே. தன் கையால் எழுப்பிய சுவருக்குள் தன் கால் படக்கூடாது! கட்டும்போது படாத தீட்டு, கட்டி முடித்தபின் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் விடை உண்டா? கட்டடக் கலைஞனின் எல்லை என்ன என்று இந்த நாட்டில் முதன்முதலில் எழுதப்பட்ட விதி, சடங்கு எழுதிய விதியாக இருந்ததைச் சொல்லாமல் இந்த வரலாற்றைக் கடக்க முடியாது.

களத்திலே நின்ற தபதி எப்போது களத்தைவிட்டு அகன்றார்? இதற்கு மேலைநாடு வரை ஒருமுறை போய்வர வேண்டும். ஏனெனில் அந்த மாற்றம் அங்கே தொடங்கி, கப்பலேறி இங்கே வந்தது.

இத்தாலியில் 15-ஆம் நூற்றாண்டில் ஆல்பெர்த்தி என்றோர் அறிஞர் வாழ்ந்தார். கட்டடக்கலை பற்றிப் பெருநூல் எழுதியவர். தச்சன் வேறு, கட்டடக் கலைஞன் வேறு. தச்சன் பின்னவனுக்குக் கருவி என்று பிரித்துக் காட்டியவர் அவர். ரிமினி நகரிலே ஒரு பழைய தேவாலயத்துக்குப் புதுமுகம் வகுத்தார். ஆனால் அவர் இருந்தது ரோமாபுரியில்! வேலையைக் களத்தில் நடத்தியவர் மத்தேயோ தெ பாஸ்தி என்பவர். 1454 நவம்பரில் ஆல்பெர்த்தி அவருக்கு எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. தூண்களின் அளவை மாற்றினால் கட்டடத்தின் இசையே குலைந்துபோகும் என்று அதிலே எச்சரிக்கிறார். எண்ணிப் பாருங்கள்: கட்டடம் ஒரு நகரில், அதை எண்ணியவர் மற்றொரு நகரில், இடையே ஓர் அஞ்சல்காரர். கட்டடக் கலைஞரின் கை களத்தைவிட்டு எழுந்து, கடிதத்திலே குடிபுகுந்துவிட்டது.

1834-இல் இலண்டனில் கட்டடக் கலைஞர்கள் தங்களுக்கென ஒரு கழகம் கண்டனர். கட்டட வாணிகத்திலோ ஒப்பந்தத்திலோ ஆதாயம் உள்ளவருக்கு அங்கே இடமில்லை என்றனர். நோக்கம் நல்ல நோக்கம்தான். செங்கல் விற்பவனே செங்கல்லைச் சோதித்தால் சோதனை எப்படி விளங்கும்? ஆனால் அந்த விதியின் மறுபக்கம் இதுதான்: வரைபவர் இனிக் கட்டுபவர் அல்லர். கட்டுபவர் வேறு கணக்கில், வேறு இலாபத்தில், வேறு அவசரத்தில் இருப்பார். இருவருக்கும் நடுவே ஒப்பந்தப் பத்திரம் ஒன்று கிடக்கும்.

அந்த ஏற்பாடுதான் வெள்ளையர் ஆட்சியோடு சென்னைக்கு வந்தது. 1850-களில் பொதுப்பணித் துறை அமைந்தது. எக்சிகியூட்டிவ் எஞ்சினியர், ஓவர்சீயர், காண்டிராக்டர், மேஸ்திரி என்று படிக்கட்டு எழுந்தது. அந்தப் படிக்கட்டின் அடியிலே கொத்தனாரும் சித்தாளும். சென்னை உயர்நீதிமன்றத்தை எடுத்துக்கொள்வோம். முதல் வரைவு பிராசிங்டன் என்பவருடையது. அதைத் தொடர்ந்து முடித்தவர் அரசின் கட்டடக் கலைஞர் ஹென்றி இர்வின். துணை நின்றவர் ஸ்டீபன்ஸ். கட்டிய ஒப்பந்தக்காரர் நம் தாட்டிகொண்ட நம்பெருமாள் செட்டியார். 1892-இல் திறப்பு. ஒரே கட்டடத்துக்கு நான்கு பெயர்கள்! பெயர்களின் பஞ்சம் தீர்ந்தது. உண்மை. ஆனால் இந்த நான்கிலே ஒன்றுகூட, அந்தச் செஞ்செங்கல் வளைவுகளை வளைத்த கொத்தனார் ஒருவரின் பெயர் அன்று.

அந்த முறையில் ஒரு சிறப்பு இருந்தது. அதை மறைப்பது நேர்மையாகாது. ஓவர்சீயர் களத்திலேயே கிடந்தார். அளவுப் புத்தகம் ஒன்று இருந்தது, அன்றன்று முடிந்த வேலை அதிலே ஏறும், கையெழுத்து விழும். அதிலே பொய் எழுதியவர்களும் உண்டு, நாடறிந்த சங்கதி! ஆனாலும் பொய் எழுதியவன் யார் என்று கண்டுபிடிக்க ஒரு பக்கமாவது இருந்தது. தனியார் வீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் இந்தக் கட்டட முறை வந்தபோது, வரைபடம் வந்தது, ஒப்பந்தம் வந்தது. ஓவர்சீயரும் அளவுப் புத்தகமும் பெரும்பாலும் வரவில்லை. செலவு என்று விட்டுவிட்டார்கள்.

இதற்குள் கட்டடப் பொருளும் மாறிவிட்டது. இங்கேதான் இராசபாளையம் மறுபடி வருகிறது. 1936-இல் அங்கே நூற்பாலையைத் தோற்றுவித்த பி. ஏ. சி. இராமசாமி ராசா, 1957-இல் சிமெண்டுக் கம்பெனி ஒன்றையும் நிறுவினார். விருதுநகர்ப் பக்கம் துலுக்கப்பட்டியில் ஆலை எழுந்தது. கரிசல் மண்ணின் அடியிலே கிடந்த சுண்ணாம்புக்கல் சாக்கு மூட்டையாகி ஊர் ஊராகப் போயிற்று. செக்கிலே அரைத்த சுண்ணாம்புச் சாந்து மெல்ல மெல்லப் பின்வாங்கிற்று. இது முன்னேற்றம், ஐயமில்லை. கூரைவீட்டுக்காரனும் தளம் போட்ட வீட்டைக் கனவு காண வைத்தது சிமெண்டுதான்.

ஆனால் சுண்ணாம்புக்கும் சிமெண்டுக்கும் நடுவே ஒரு வேறுபாடு உண்டு. கட்டடக் கலைஞரின் எல்லை என்னும் நம் பொருளுக்கு அதுவே உயிர்நாடி. சுண்ணாம்புச் சுவர் மெதுவாக எழும். இன்று வைத்த வரிசை நாளை கண்ணுக்குத் தெரியும். நாலு நாள் கழித்து வந்த தபதியும் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, ரசமட்டம் வைத்துப் பார்த்து, "இடி, திரும்பக் கட்டு" என்று சொல்லலாம். கான்கிரீட் அப்படியன்று. காலையிலே கம்பி தெரிகிறது. மாலையிலே கம்பி மூடப்படுகிறது. பிறகு எவர் கண்ணுக்கும் அது தெரியாது. தூணிலே 12 கம்பி இருக்கிறதா, 8 கம்பி இருக்கிறதா? கம்பிக்கு வெளியே, இந்தியத் தரவிதி கூறும் 40 மில்லிமீட்டர் காப்பு நின்றதா, அல்லது கம்பி பலகையிலே சாய்ந்து கிடந்ததா? சாந்திலே தண்ணீரைக் கூட ஊற்றி நெகிழவிட்டார்களா? எல்லாம் அந்த ஒரு பகலின் சங்கதி. மறுநாள் வருபவர் பார்ப்பது வழவழப்பான சாம்பல்நிறத் தூண். மூடியது மூடியதுதான்.

அதற்குப் பின்னும் ஆபத்து ஓயவில்லை. நான்கரை மீட்டருக்கு மேல் அகன்ற தளத்தின் முட்டுகளை 14 நாள் கழித்தே எடுக்கலாம் என்கிறது விதி. ஆறு மீட்டருக்கு மேல் நீண்ட பீமுக்கு 21 நாள். 7 நாளாவது நீரூற்றி ஈரம் காக்க வேண்டும். கடுங்கோடையில் அதற்கும் மேல். வாடகைக்கு எடுத்த சென்ட்ரிங் பலகையை அடுத்த வேலைக்கு அனுப்பும் அவசரத்தில் இருப்பவர் அந்த 14 நாள்களை எண்ணுவாரா? எண்ண வைப்பவர் யார்?

கட்டடக் கலைஞர் என்று பலரும் உடனே விடை சொல்வர். அங்கேதான் பிழை. 1972-இல் இந்தியாவில் கட்டடக் கலைஞர் சட்டம் வந்தது. அதன்கீழ் மன்றம் அமைந்தது. பணி ஒப்பந்த நெறிகள் வகுக்கப்பட்டன. அந்த நெறிகளின்படி, கட்டுமானக் காலத்திலே கட்டடக் கலைஞரின் கடமை அவ்வப்போது களத்துக்கு வந்து பார்வையிடுவது. வரைபடத்தில் எழும் ஐயத்தைத் தீர்ப்பது. வேலை தம் வடிவத்தின்படி நடக்கிறதா என்று மதிப்பிடுவது. அன்றாடம் களத்தில் நின்று கண்காணிப்பது அவர் கடமையன்று. அதற்கு வீட்டுக்காரர் தனியாக ஒரு மேற்பார்வையாளரை அமர்த்த வேண்டும். எவ்வழியில் கட்டுவது, எத்தனை ஆள் வைப்பது, சாரத்தை எப்படி நிறுத்துவது என்பன ஒப்பந்தக்காரர் பொறுப்பு. தூணின் பலம் எஞ்சினியர் கணக்கு. அப்படியானால் கட்டடக் கலைஞர் கைகழுவிவிடலாமா? கூடாது. பார்வையிட வந்த நாளிலே கண்ணெதிரே பிழையைக் கண்டும் வாய் திறவாதவர் அந்தப் பிழைக்குப் பங்காளி. எந்தக் கட்டத்தில் தாம் வந்து பார்க்க வேண்டுமோ அதை முன்கூட்டியே எழுதிக் கொடுக்காதவரும் பங்காளி. வானம் தோண்டியபின், கம்பி கட்டியபின், தளம் ஊற்றுமுன் என்று நாள் குறித்து, "நான் பாராமல் மூடாதீர்" என்று எழுத்திலே கூறுவது அவர் தொழிலின் பகுதியே. (கடைக்காலுக்குத் தோண்டும் குழியை நம் மக்கள் வானம் என்கிறார்கள்! கீழே தோண்டுவதற்கு மேலே இருப்பதன் பெயர். இந்தத் தொழிலாளர்களின் தமிழுக்கு எந்தப் புலவரும் நிகரல்லர்.)

எல்லை இதுவென்று தெரிந்திருந்தும் ஏன் வீடு தோறும் வழக்கு? எல்லை தெரிந்தவர் ஒருவர், தெரியாதவர் மூவர். வீட்டுக்காரர், "கட்டடக் கலைஞருக்குப் பணம் கொடுத்துவிட்டேன், அவர் பார்த்துக்கொள்வார்" என்று உறங்குகிறார். மேற்பார்வையாளருக்கு மாதச் சம்பளம் என்றால் அவருக்கு மனம் வராது. அதே வீட்டுக்காரர் வாஸ்து பார்க்க ஒருவரை அழைத்து வந்து தட்சணை கொடுப்பார்! அவர் வந்து படிக்கட்டைத் தென்மேற்குக்குத் தள்ளு என்பார். தண்ணீர்த் தொட்டியை இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு மாற்று என்பார். பாதி எழுந்த கட்டடத்திலே பாரம் இடம் மாறும். எஞ்சினியரைக் கேட்பதில்லை, கட்டடக் கலைஞருக்குச் சொல்வதில்லை, மேஸ்திரியிடம் வாய்மொழி ஆணை. திசை பார்த்துத் தொட்டியை மாற்றலாம். அந்தத் தொட்டியின் எடைக்குத் திசை தெரியுமா?

நடுவழியிலே செய்யும் சிறு மாற்றம் என்ன செய்யும் என்பதற்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. அமெரிக்காவில் கன்சாஸ் நகரம். ஹயத் ரீஜென்சி என்னும் பெரிய ஓட்டல். கூடத்தின் நடுவே, அந்தரத்திலே தொங்கும் நடைபாலங்கள். நான்காம் மாடிப் பாலமும் அதன் கீழே இரண்டாம் மாடிப் பாலமும், கூரையிலிருந்து இறங்கும் ஒரே நீளக் கம்பியிலே தொங்குவதாக முதல் வரைவு. அவ்வளவு நீளத்துக்குத் திருகு வெட்டுவது தொல்லை என்று கண்ட இரும்பு வேலைக்காரர்கள், ஒரு கம்பியை இரண்டாக்கினார்கள். கூரையிலிருந்து நான்காம் மாடிவரை ஒன்று. நான்காம் மாடியிலிருந்து இரண்டாம் மாடிவரை மற்றொன்று. பார்வைக்கு ஒன்றும் மாறவில்லை. ஆனால் மேல்பாலத்தின் குறுக்குவிட்டத்தில் இருந்த திருகாணி தன் பாலத்தின் பாரத்தோடு கீழ்ப்பாலத்தின் பாரத்தையும் சேர்த்துத் தாங்கும்படி ஆயிற்று. பாரம் இரட்டிப்பு! மாற்றிய வரைபடத்தின்மேல் எஞ்சினியரின் முத்திரை விழுந்தது. கணக்கு மட்டும் மறுபடி போடப்படவில்லை. 1981 சூலை 17, மாலை நடன விழா. பாலங்கள் கூட்டத்தின்மேல் விழுந்தன. 114 பேர் மாண்டனர்.

விசாரணையில் இன்னொன்றும் வெளிவந்தது. களத்திலே நிலையாக ஒருவரை நிறுத்திக் கண்காணிக்க எஞ்சினியர் தரப்பு அனுமதி கேட்டதாகவும், செலவு கருதி அது மறுக்கப்பட்டதாகவும் கூறினார்கள். ஆயினும் மிசௌரி மாநிலம் எஞ்சினியர்களை விடவில்லை. இருவரின் தொழில் உரிமம் பறிபோயிற்று. களத்தில் நிற்பது தம் வேலையன்று என்று சொல்லலாம். தம் முத்திரை பதிந்த தாளைப் பாராமல் விட்டது தம் வேலையன்று என்று சொல்ல முடியுமா? எல்லைக்கோடு அங்கே துல்லியமாக விழுந்தது. உடலால் இல்லாத இடத்துக்குப் பொறுப்பு இல்லாமற் போகலாம். கையொப்பம் இருக்கும் இடத்துக்குப் பொறுப்பு உண்டு.

கன்சாஸ் தொலைவில் இருக்கிறது. போரூரை அடுத்த மௌலிவாக்கம் தொலைவில் இல்லை. 2014 சூன் 28, மழை பெய்த மாலை. கட்டுமானம் முடியும் தறுவாயில் இருந்த 11 மாடிக் கட்டடம் உட்கார்ந்தது. 61 உயிர்கள். ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் நம் ஊர்களிலிருந்தும் வந்த கட்டடத் தொழிலாளர்கள், அவர்களோடு அவர்கள் குடும்பத்தினர். வீடு வாங்கியவர் எவரும் அங்கே இன்னும் குடியேறவில்லை. கட்டியவர்களே அதன் அடியில் கிடந்தனர். இடி விழுந்ததால் இடிந்தது என்று முதலில் ஒரு பேச்சு எழுந்தது. எப்போதும் எழும் பேச்சு அது! பிழையைச் செய்தவன் மனிதன் என்று ஒப்புக்கொள்ள மனமில்லாதபோது, வானத்தைக் கூண்டில் ஏற்றுவது நம் நாட்டு வழக்கம். ஆனால் அதே வளாகத்தில், அதே மழையில், இரட்டைக் கட்டடமாக மற்றொன்று நின்றுகொண்டிருந்தது. அதையும் நம்ப முடியாதென்று 2016 நவம்பர் 2 அன்று வெடிவைத்துத் தகர்த்தனர். இடி விழாத கட்டடத்தையும் இடிக்க வேண்டியிருந்தது என்றால், குற்றம் வானத்தில் இல்லை என்பது தெளிவு.

அந்த 61 பேரின் மறைவுக்குப் பிறகு தமிழக அரசு விதிகளை இறுக்கிற்று. 2019-இல் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளிலே கட்டடக் கலைஞர், கட்டமைப்புப் பொறியாளர், கட்டுமானப் பொறியாளர், மண் ஆய்வுப் பொறியாளர், தரத் தணிக்கையர் என்று ஒவ்வொருவரும் தனித்தனியே பதிவு செய்துகொள்ள வகை செய்யப்பட்டது. மயமதம் கூறிய நால்வர் வேறு உருவில் திரும்பி வந்தார்கள் என்றே சொல்லலாம். சாதி இல்லாமல், சடங்கு இல்லாமல், பதிவெண்ணோடு! அதற்கு முன்பே 2016-இல் வந்த மனைவணிக ஒழுங்குமுறைச் சட்டம், வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் தெரியும் கட்டமைப்புக் குறையைக் கட்டி விற்றவரே தம் செலவில் சரிசெய்ய வேண்டும் என்று விதித்திருந்தது. விற்கும் கட்டடத்துக்கு அது பொருந்தும். தம் மனையில் தாமே மேஸ்திரியை வைத்துக் கட்டும் இராசபாளையத்து ஆலைத் தொழிலாளிக்கோ, வில்லிபுத்தூர் நெசவாளிக்கோ அந்தச் சட்டத்தால் காப்பு இல்லை. அவர் வீட்டுக்குக் கட்டடக் கலைஞர் வருவதே அரிது. பிளான் போடுபவர் ஒருவர் தாளிலே கோடு போட்டு நகராட்சிக்கு அனுப்புவார். அனுமதி கிடைத்ததும் அவர் பங்கு முடிந்தது. 2020 மார்ச்சில் உச்சநீதிமன்றம் தீர்ப்பொன்றில் தெளிவாக்கியது: 1972-ஆம் ஆண்டுச் சட்டம் காப்பது கட்டடக் கலைஞர் என்னும் பட்டத்தைத்தான், வடிவமைக்கும் தொழிலை அது பட்டம் பெற்றவர்க்கு மட்டுமே உரியதென்று பூட்டி வைக்கவில்லை. ஏழையின் வீட்டுக்கு அது ஒருவகையில் நல்லது. எல்லோராலும் பட்டதாரியை அமர்த்த முடியாதே! ஆனால் கோடு போட எவருக்கும் உரிமை உண்டு என்றால், அந்தக் கோட்டுக்குப் பதில் சொல்லும் கடமையும் அவரோடு போக வேண்டுமல்லவா? அதை எழுதி வாங்கும் பழக்கம் நம்மவர்க்கு இன்னும் வரவில்லை. பூமி பூசைக்கு நாள் எழுதி வாங்குகிறோம். யார் எதற்குப் பொறுப்பு என்று எழுதி வாங்குவதில்லை.

இதுவரை வீட்டுக்காரரையும் வரைபவரையும் கட்டுபவரையும் பேசினோம். உலகத்தின் மிகப் பழைய கட்டடச் சட்டமும் அவர்களைத்தான் பேசியது. ஏறத்தாழ 3750 ஆண்டுகளுக்கு முன் பாபிலோனை ஆண்ட அம்முராபியின் சட்டத்தில் ஒரு பகுதி உண்டு. கட்டிய வீடு இடிந்து வீட்டுக்காரன் இறந்தால் கட்டியவனைக் கொல். வீட்டுக்காரன் மகன் இறந்தால் கட்டியவன் மகனைக் கொல். வீட்டுக்காரனின் அடிமை இறந்தால் அடிமைக்கு அடிமை கொடு. கொடிய சட்டம். அதன் கொடுமையைவிட நம் கண்ணை உறுத்துவது அதன் மௌனம். கட்டும்போதே இடிந்து, கல் சுமந்தவன் இறந்தால்? அதற்கு ஒரு வரி இல்லை. 

இந்தியாவிலும் அந்த வரி வர நெடுங்காலம் ஆயிற்று. 1994-இல் தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் அமைந்தது. 1996-இல் கட்டடத் தொழிலாளர்க்கென மைய அரசின் சட்டம் வந்தது. அதன்கீழ் 1998-இல் வகுத்த விதிகளிலே கட்டடக் கலைஞர்கள், திட்டப் பொறியாளர்கள், வடிவமைப்பாளர்கள் ஆகியோரின் கடமை என்று தனியாக ஒரு விதி இடம்பெற்றது. திட்டமிடும் நிலையிலேயே அந்தக் கட்டடத்தை எழுப்பும் தொழிலாளரின் உயிருக்கும் உடல்நலத்துக்கும் உரிய கவனம் தர வேண்டும். ஆபத்தான முறையைத் தேவையாக்கும் எதையும் வடிவிலே புகுத்தக்கூடாது. பின்னாளில் பழுது பார்க்க ஏறுபவரையும் நினைவில் கொள்ள வேண்டும் என்றது அது. அந்தச் சட்டத்தை உள்ளடக்கி 2020-இல் இயற்றிய தொழில் பாதுகாப்புத் தொகுப்பிலும் இந்தக் கடமை இடம்பெற்றிருக்கிறது. ஒப்பந்தக்காரரின் சாரத்தைக் கட்டடக் கலைஞர் கட்டித்தர வேண்டியதில்லை. ஆனால் சாரம் நிற்க இடமே இல்லாத ஒரு வளைவை, அழகு என்று சொல்லி மேசையிலிருந்து வரைந்து அனுப்ப அவருக்கு உரிமை இல்லை. தலையிலே சாந்துச் சட்டியோடு ஏணியில் ஏறும் சித்தாளின் கால், வரைபடத்தில் முதல் கோடு விழும்போதே எண்ணப்பட வேண்டிய அளவு என்று இந்த நாட்டின் விதிப் புத்தகத்தில் எழுத 1998 வரை ஆயிற்று.